பார்சல் சாமியும் ஒற்றைச் செருப்பும்

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்புறம், ரேடியோ திருத்தும் கடையின் மேல்மாடியில் ஒரு சாமி எழுந்தருளியிருந்தார். மாடிப்படியில் தொடங்கிய வரிசை வீதிக்கு வந்து, பழக்கடையையும் தாண்டிப் போனது. வழக்கமாகச் சாமிகளைத் தேடிப் பேய் பிடித்தவர்களும் பிள்ளை இல்லாதவர்களும் போவார்கள். இந்த வரிசையில் நின்றவர்களுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. பேய் பிடித்திருந்தது அவர்களுடைய பேஸ்புக் பக்கங்களுக்கு.

பார்சல் சாமி என்றால் தம்புள்ளை வரைக்கும் தெரியும். லக்கலப் பக்கத்து மலைக்குகை ஒன்றில் பல வருடம் தவம் கிடந்து, ஒன்லைன் வியாபாரத்தை ஓட வைக்கும் வரத்தோடு இறங்கி வந்தவராம். அந்தக் குகையில் சிக்னல் இருந்ததா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த மதத்துக்காரரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. காணிக்கைக்கு மதம் கிடையாது என்பது அவருடைய பரந்த கொள்கை.

வரிசையில் முடி வளரும் எண்ணெய் விற்கிற வழுக்கைத் தலையர் நின்றார். 'யானை வராத காணி' என்று லக்கலயில் நிலம் விற்கிற ஒருவர் நின்றார். இருவருக்கும் நடுவில் அலுவிகாரையிலிருந்து வந்த பிரின்ஸியும் அவள் புருஷன் பிரியந்தனும் நின்றார்கள்.

பிரின்ஸி வீட்டில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஜன்னல் திரைச்சீலை தைத்து, பேஸ்புக்கில் பக்கம் திறந்து விற்பவள். விற்பவள் என்று சொல்வது மரியாதைக்காக. படம் போட்டால் ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள், இதயம் போடுவார்கள், 'வாவ்' என்பார்கள். வாங்க மட்டும் மாட்டார்கள். பிரியந்தன் த்ரீவீலில் ஆட்களை ஏற்றி ஓடுகிற காசில் வீடு நடக்கவில்லை. அதனால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகி, அவளுடைய பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜன்சிக்காரனின் மேசைக்குள் போய்விட்டது. கிறிஸ்மஸுக்குள் திரைச்சீலை ஓடினால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கலாம். ஓடாவிட்டால் ஜனவரியில் விமானம். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளிடம் இதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

முறை வந்ததும் சாமி கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேர் பாத்திருக்காங்க மகளே?"

"மூவாயிரத்துக்கு மேல, சாமி."

"வாங்கினது?"

"எங்க நாத்தனார் ஒரு செட். அதுவும் பாதி விலைக்கு."

சாமி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார். "மூவாயிரம் பேரோட கண்ணு! பாத்தாங்க, வாங்கல. அப்ப அந்தப் பார்வையெல்லாம் எங்க போச்சு? கர்ட்டன் மேலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு. கண்ணூறு, மகளே, கண்ணூறு!"

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் பிரியந்தன். அவன் எப்போதும் எதுவும் சொன்னதில்லை.

சாமியின் கணக்குப்படி, பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்களின் கண் பட்டு மாத்தளை நகைக்கடைகளின் கண்ணாடியெல்லாம் எப்போதோ பொடிப்பொடியாகியிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் நின்றவர்கள் 'அதானே!' என்று வாயைப் பிளந்தார்கள். காய்ந்த மிளகாயைப் பிரின்ஸியின் போனைச் சுற்றிப் போட்டுப் புகைத்தார் சாமி. தேசிக்காயை அறுத்து அதன் திரையில் தேய்த்தார். சார்ஜ் போடுகிற துளைக்குள் சாறு இறங்கியது. அன்றைக்குப் பிறகு அந்தப் போனைச் சரித்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அதுவும் கண்ணூறு இறங்கிய அடையாளமாம்.

கடைசியில் கட்டளை வந்தது. "விலைய வெளியில எழுதக் கூடாது. எழுதினா சரக்கோட உயிர் போயிரும். யார் கேட்டாலும் 'இன்பொக்ஸ் வாங்க'ன்னு மட்டும் சொல்லு. இன்பொக்ஸுக்கு வந்தா ரெண்டு நாள் பேசாம இரு. வாங்குறவனுக்கு ஆசை முத்தணும்."

அன்று பின்னேரமே ஓடர் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக! அனுராதபுரத்துக்கு ஆறு ஜன்னல், பதுளைக்கு எட்டு ஜன்னல், பொருள் கைக்கு வந்ததும் காசு. பிரின்ஸி சந்தோஷத்தில் அழுதே விட்டாள். துணியை வெட்டி, தைத்து, மடித்து, பார்சல் கட்டி அனுப்பினாள். பிரியந்தன் பழத்தட்டோடு ஓடிப்போய்ச் சாமிக்கு நன்றிக் காணிக்கை வைத்துவிட்டு வந்தான்.

ஒரு வாரத்தில் பார்சல்கள் எல்லாம் திரும்பி வந்தன. 'வாங்க மறுத்தார்' என்று மேலே எழுதியிருந்தது. அனுப்பின கூலியும் பிரின்ஸி தலையில் விழுந்தது. அனுராதபுரத்து நம்பருக்கு அவள் திரும்பத் திரும்பப் போன் எடுத்துக் கெஞ்சினாள். கரகரத்த ஆண் குரல் ஒன்று, "வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்தது. கெஞ்சிக் கெஞ்சியே அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

சாமி சிரித்தார். "கண்ணூறு போயிருச்சு. இப்ப இருக்கிறது ரிட்டர்ன் தோஷம். அதுக்குப் பூசை வேற." பூசை வேறு, காணிக்கையும் வேறு.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த ஜெஸ்லா, கட்டில் வரைக்கும் குவிந்து கிடந்த பார்சல்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பிரின்ஸியோடு ஒரே வகுப்பில் படித்தவள். உக்குவளையில் வீட்டிலிருந்தே கேக் செய்து ஒன்லைனில் விற்கிறாள்.

"அல்லாவே! என்ன புள்ள இது?"

பிரின்ஸி கதை முழுவதையும் சொன்னாள். ஜெஸ்லா இடையில் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது மழைக்கு முந்தின புழுக்கம் மாதிரி.

"நானும் கேக் விக்கிறேன். விலையப் பெருசா எழுதித்தான் விக்கிறேன். என் கேக்குக்கு ஏன் கண்ணூறு படல்ல? இனிப்புன்னா கண்ணூறுக்கு ஆகாதா?"

"ஓடர் வந்துச்சே ஜெஸ்லா. சாமி செஞ்ச அன்னைக்கே வந்துச்சே."

"வந்தது ஓடரா, வேற ஏதாவதான்னு பாத்துருவோம். உங்க வீட்டுல விக்கவே முடியாத சாமான் என்ன இருக்கு?"

வீட்டு நாய் மூலையில் படுத்துக்கொண்டு பிரியந்தனின் பழைய செருப்பொன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. நாயோடு போராடி அதைப் பிடுங்கினார்கள். ஜெஸ்லா புதிதாக ஒரு பக்கம் திறந்து, அந்தச் செருப்பைப் படம் பிடித்துப் போட்டாள். கீழே தெளிவான தமிழில் எழுதினாள்: 'ஒற்றைச் செருப்பு. இடது கால் மட்டும். நாய் கடித்தது. வார் இல்லை. விலை பன்னிரண்டாயிரம் ரூபாய்.'

மறுநாள் ஜெஸ்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்தாள். "யாருமே வாங்குறாங்க இல்ல சாமி." சாமி பக்கத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார். விற்கிற சாமானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மிளகாய், தேசிக்காய், காணிக்கை எல்லாம் முறைப்படி நடந்தன.

பின்னேரம் செருப்புக்கு ஓடர்கள் கொட்டின. 'சூப்பர் குவாலிட்டி சிஸ், ரெண்டு அனுப்புங்க' என்றது ஒன்று. 'பிங்க் கலர்ல இருக்கா?' என்றது இன்னொன்று. மூன்றாவது, வீட்டில் ஒரு கல்யாணம் என்று சொல்லி மூன்று கேட்டது. எல்லாரும் பெயர், விலாசம், போன் நம்பர் தந்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்த நேரம், பிரின்ஸியோடும் பிரியந்தனோடும் வந்திருந்த ஜெஸ்லா எழுந்து நின்று செருப்பின் படத்தை எல்லாருக்கும் காட்டினாள். ஓடர்களை உரக்க வாசித்தாள்.

சாமி இரண்டு கைகளையும் உயர்த்தினார். "பாத்தீங்களா சக்திய! நாய் கடிச்ச செருப்பையே வித்துக் குடுத்துருக்கேன்!"

கூட்டம் கை தட்டியது. முதல் தட்டு பிரியந்தனுடையது. காணிக்காரர் வாசலில் கழற்றி விட்டிருந்த தம் செருப்பை எட்டிப் பார்த்து, "இதுக்கு எவ்வளவு போகும்?" என்று பக்கத்தில் கேட்டார். மக்களின் மூளையை நம்பித் திட்டம் போட்ட ஜெஸ்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி. செருப்பு வாங்கின மகராசனோட ஒரு வார்த்தை பேசுவோம்," என்று முதல் நம்பரை அழுத்தினாள்.

சாமிக்குப் பின்னால் தொங்கிய காவித் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

"உள்ள புள்ள ஏதும் இருக்கா?" என்றாள் ஒரு பெண்.

ஜெஸ்லா அழைப்பை நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது. இரண்டாவது நம்பரை அழுத்தினாள். உள்ளே பைலாப் பாட்டுத் தொடங்கியது. கூரியர்காரன் அழைத்தால் 'வேணாம்' என்று சொல்ல வேண்டுமே, அதனால் சாமியால் அந்தப் போன்களை ஒருநாளும் நிறுத்தி வைக்க முடியாது.

சாமிக்கு வியர்த்தது. "அது... பக்தர்மார் மறந்துட்டுப் போன போனுங்க."

அப்போதுதான் பிரின்ஸி முன்னால் வந்தாள். மனப்பாடமான அனுராதபுரத்து நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். உள்ளே மறுபடியும் அதே குழந்தை சிரித்தது.

அவள் திரையை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். திரைச்சீலை அவளுக்குப் பழக்கமான சாமான். பின்னால் ஒரு மேசை, மேசையின் பாதி இழுத்திருந்த லாச்சி நிறையப் பழைய போன்கள். சிரித்துக்கொண்டிருந்த போனின் திரையில் அவளுடைய நம்பர் மின்னியது.

"நான் கெஞ்சினது உங்கிட்டயாடா?" என்று கேட்டாள் பிரின்ஸி. "என் புள்ளைய விட்டுட்டுப் போகப் போறேன்னு அழுதேனே, கேட்டுட்டுத்தானே வேணாம்னு சொன்ன?"

யாரும் கை தட்டவில்லை. வழுக்கைத் தலையர் கதவை மறித்துக்கொண்டார். சாமி என்கிற சசிக்குமார், காணிக்கைத் தட்டையும் காவி வேட்டியில் பாதியையும் விட்டுவிட்டுப் பின்படி வழியாக இறங்கி ஓடினார். அவ்வளவு காலம் குகையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப என் காணி விக்காதா?" என்று கேட்டார் காணிக்காரர்.

"யானை வர்றத எழுதி, விலையக் குறைச்சுப் போடுங்க. அப்பவாவது உங்கள நம்புவாங்க," என்றாள் ஜெஸ்லா.

வீட்டுக்கு வந்த பிரின்ஸி தன் பக்கத்தை முதல் தடவையாக முழுவதும் வாசித்தாள். 'விலை என்ன?' 'நாலடி ஜன்னலுக்கு எவ்வளவு?' 'டெலிவரி இருக்கா?' எல்லாவற்றுக்கும் கீழே 'இன்பொக்ஸ் வாங்க' என்று அவளே எழுதியிருந்தாள். இன்பொக்ஸில் பல்லேகம மரியாயி என்பவர் எழுதியிருந்தார்: 'தங்கச்சி, கிறிஸ்மஸுக்கு ஆறு ஜன்னலுக்கு வேணும். விலை சொல்லுங்க.' மறுநாள்: 'தங்கச்சி, இருக்கீங்களா?' அதற்கும் மறுநாள்: 'பரவாயில்ல, வேற இடத்துல வாங்கிட்டேன்.'

பிரின்ஸிக்கு வெட்கமாக இருந்தது. சாமி அவளிடம் காணிக்கைதான் பிடுங்கினான். அவன் பேச்சைக் கேட்டு மரியாயி அக்காவை விரட்டியது அவளேதான்.

திரைச்சீலையைச் சொந்த ஜன்னலில் தொங்கவிட்டு, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். நீளம், அகலம், விலை, அனுப்பும் கூலி எல்லாவற்றையும் எழுதினாள். கேட்டவர்களுக்குக் கேட்ட கையோடு பதில் சொன்னாள். ஓடர் தந்தவர்களிடம் போன் எடுத்துப் பேசிய பிறகே துணியை வெட்டினாள். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இன்னமும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கடைத்தெருவிலும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் வாங்க வந்தவர்கள் வாங்கினார்கள். மெஷின் நிற்காமல் ஓடியது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பிரியந்தன் ஏஜன்சிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கி வந்து, மனைவியின் மடியில் வைத்தான்.

வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பிரின்ஸி, ஏஜன்சிப் பக்கம் புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். த்ரீவீலுக்கு ஹயர் வர மந்திரிச்சுக் குடுக்கிறாராம். சும்மா ஒரு தரம் போய்..."

பிரின்ஸி மெஷினை நிறுத்தினாள். "வண்டிக்குள்ள படுத்துக்கிட்டு போனப் பாக்காம, ரோட்டுல கை காட்டுற ஆளப் பாத்து நிப்பாட்டுங்க. அதுக்குப் பிறகும் ஹயர் வரலேன்னா சொல்லுங்க, நானே மந்திரிச்சு விடுறேன்."

அவள் கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்ததால் பிரியந்தன் உடனே யோசிக்கத் தொடங்கினான். எல்லார் வீட்டிலும் ஒரு பிரின்ஸி இருக்க மாட்டாள். கத்தரிக்கோல் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் உங்கள் தலையைக் கொஞ்சம் பாவித்துப் பாருங்கள். அதற்குக் காணிக்கை இல்லை.