கூழாங்கல் திட்டில் மூச்சு முட்டல்

எண் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியபோது மீன்மாமா டீயைக் கீழே வைத்தார்.

மீன்மாமா என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். ஆற்றுக்குள் ஒரு கூழாங்கல் திட்டு. மீன்கள் முட்டையிட வரும் இடம். அங்கே ஒரு கருவியை மூழ்க வைத்து, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கைப்பேசியில் எண்ணாகப் பார்ப்பது அவர் வேலை. இரண்டு வருடமாக ஒரு முட்டையும் விழவில்லை. இந்தப் பருவமும் ஏமாற்றினால் திட்டைக் கைகழுவிவிடுவார்கள். பருவம் முடியப்போகிறது.

திட்டுக்குச் சற்று மேலே சாக்கடைக் கதவு. மழையில் நகரத்துக் குழாய்கள் நிரம்பினால் மிச்சத்தை ஆற்றில் விடுவதற்கு. இரவு நல்ல மழை.

கழிவுநீர்ப் பொறியாளரை அழைத்தார்.

“மேடம், கதவு திறந்திருக்கா?”

“ஒரு சாண் திறந்திருக்கு சார். முக்காவாசி மழைத்தண்ணிதான்.”

“மூடுங்க. என் மீனுக்கு மூச்சு முட்டுது.”

“மூடினா ஊருக்கு முட்டும்.”

“கொஞ்ச நேரம் மேடம். கால்ல விழறேன்.”

அந்த அம்மாள் மூடினார். எண் நாலானது.

“கசியுது மேடம். இடுக்குல மணல் மூட்டை அடுக்குங்க.”

“இன்னும் என்னல்லாம் அடுக்கணும்? என்னையும் அடுக்கவா?”

அடுக்கினார்கள். எண் மூன்று. கடைத்தெருவில் சாக்கடை மூடி ஒன்று எழும்பியது. செருப்புக் கடையில் செருப்புகள் மிதந்தன.

அலுவலகத்திலிருந்து இயக்குநர் அழைத்தார்.

“யாரைக் கேட்டுய்யா கதவை மூடச் சொன்னே?”

“ஆக்சிஜன் மூணு சார்!”

“சாக்கடை நாத்தத்துல என் ரூமுல அதுகூட இல்லய்யா!”

அடுத்து மனைவி.

“ஏங்க, பாத்ரூம்ல தண்ணி மேல வருது. துண்டு வச்சு அடைச்சிருக்கேன்.”

“யார் துண்டு?”

“கேள்வியைப் பாரு. உங்களோடதுதான்.”

எண் இரண்டு. இரண்டில் எந்த மீனும் நிற்காது. மீன்மாமா ஆற்றுக்கு ஓடினார்.

பொறியாளர் முன்பே வந்து நின்றிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கன்னத்தில் சேறு.

“எங்க சார் அந்தக் கருவி?”

மீன்மாமா கையைக் காட்டினார். அந்த அம்மாள் விறுவிறுவென்று இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

மீன்மாமா கண்ணை மூடிக்கொண்டார். கறுப்பாக ஏதாவது வரும். கூடவே செத்த மீனும் வரும். இரண்டு வருடக் காத்திருப்பு அதோடு சரி.

கருவி தண்ணீரை விட்டு வெளியே வரும் சத்தம். பிறகு சிரிப்புச் சத்தம். காலையிலிருந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தவரின் சிரிப்பு.

“கண்ணைத் திறங்க சார். எண்ணை இறக்கினது சாக்கடையும் இல்ல, கீக்கடையும் இல்ல. இவ்வளவு பெரிய ஆத்துல உங்க மீனுங்களுக்கு வேற இடமே கிடைக்கல போல, கருவி மேல ஊசி குத்த இடமில்லாம முட்டை!”