குடுவைக்குள் கோழி எலும்பு

இராஜபாளையம்
14.6.1992

மதிப்பிற்குரிய சுயம்புலிங்கம் அத்தானுக்கு, தனுஷ்கோடி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அக்காவும் நலம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதில் அக்காவின் கையெழுத்து இல்லை. சரி.

உங்கள் கல்லூரித் தோட்டத்திலிருந்து கொடுத்தனுப்பிய, பூச்சி தின்னும் குடுவைச் செடி உயிரோடு இருக்கிறது. இந்த ஊர் வெயில் ஆகாது என்று பழைய மீன்தொட்டிக்குள் வைத்து, எங்கள் பேண்டேஜ் கம்பெனிக் கழிவுத் துணியை நனைத்துச் சுற்றிலும் போர்த்தி, மேலே டியூப்லைட் போட்டேன். வெள்ளைத் துணி, உள்ளே வெளிச்சம், பூட்டிய அறை. வீட்டுக்கார அம்மா பரிபூரணத்துக்குச் சந்தேகம் வர இது போதும். சைவக்காரர்களுக்கு மட்டுமே மாடியை வாடகைக்கு விடுகிறவர். மாற்றுச் சாவி போட்டுத் திறந்திருக்கிறார். இலை நுனிக் குடுவைக்குள் பாதி கரைந்த கரப்பான்பூச்சி.

"தம்பி, சைவம்னு சொல்லித்தான வந்தீய?"

"நான் சைவந்தாம்மா."

"நீங்க சைவம். அது?"

மறுநாள் குடுவைக்குள் தயிர்சாதம். "பழகிக்கிடும்" என்றார். குடுவை கறுத்துவிட்டது. அதன்பிறகு மனம் இரங்கி, "வாயில்லாச் சீவன், தின்னுட்டுப் போகுது" என்று விட்டுவிட்டார். உடம்பே வாயாக இருப்பதைப் பார்த்து இப்படிச் சொன்னார்.

புதன்கிழமை இன்னொரு குடுவையில் கோழி எலும்பு. நான் வைக்கவில்லை. பூனை தொட்டி மூடியைத் திறந்தால் திரும்ப மூடாது. அவர் கணவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு எட்டிப் பார்த்து, "சிவ சிவா, இது எம்புட்டுத் திங்கும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். செடியையே சந்தேகித்தேன். விடுப்பு எடுத்து ஒரு பகல் முழுவதும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு எறும்பு விழுந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது எலும்பு. இதை அந்த அம்மாவே பார்த்துவிட்டார்.

"பூச்சி திங்கும், சரி. கோழியுமா திங்கும்? தின்னது நீங்கதான். மாசக் கடைசியில காலி பண்ணிருங்க."

கம்பெனிக்குப் பக்கத்தில் வேறு அறை இல்லை. எனக்கு அந்த அம்மாமேல்தான் சந்தேகம். மகள் குடும்பம் வருகிறதாம், மாடி தேவைப்படும். ஆகவே கல்லூரி முத்திரையோடு ஒரு சான்றிதழ் அனுப்புங்கள்: இச்செடி கோழி தின்னாது, எலும்பு வேறு கை போட்டது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

தங்கள் மைத்துனன்,
தனுஷ்கோடி

பின்குறிப்பு: இதை எழுதி வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால் அறை திறந்திருக்கிறது. மீன்தொட்டி முன்னால் அண்ணாச்சி. மடியில் இலைப் பொட்டலம், கையில் எலும்பு.

"கடையில உக்காந்து திங்க முடியுமா தம்பி, ஊரே மாமன் மச்சான். அவளுக்குத் தெரிஞ்சா நானும் காலி பண்ணணும்."

மேற்படி சான்றிதழ் வேண்டாம். இச்செடி சன்னல் வழியாகக் கோழியைத் தானே பிடித்துத் தின்னும் என்று எழுதவும். எலும்பில் மிளகு ஒட்டியிருப்பதற்கும் ஏதாவது காரணம் சேர்க்கவும்.