அக்கம்பக்கம் விசாரித்துக் கற்ற ஆங்கிலம்

“...அதுக்காக டிக்‌ஷனரியப் புரட்டுவாங்களா? பொண்ணு எப்பிடின்னு பொண்ணப் பெத்த அப்பன்கிட்டயே கேக்குற மாதிரில்ல இருக்கு. அக்கம்பக்கத்துல விசாரிக்கணும் தங்கச்சி.”

இதைச் சொன்னபோது விசாரணை அண்ணனின் கக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி உறை இருந்தது. அதில் தெரியாத வார்த்தை இரண்டு இருக்கிறது என்றார். நான் போனில் தேடித் தருகிறேன் என்று எடுத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தத் திட்டு. உறைக்கு அப்புறம் வருகிறேன். ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கில வார்த்தையை, வரன் பார்க்கப் போகிற மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த மனிதர் பூமியில் இவர் ஒருவர்தான். தொழில் கல்யாணத் தரகு. எந்த இடம் வந்தாலும் அந்தத் தெரு டீக்கடை, தையல்கடை, எதிர்வீடு மூன்றிலும் விசாரிக்காமல் வாய் திறக்க மாட்டார். அதனால் திண்டுக்கல் முழுக்க அவர் பெயர் விசாரணை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு பயோடேட்டா அடிக்க வருவார்.

படிப்பு எட்டாவது. ஜாதகக் கட்டம் தெரிந்தால் போதும் என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி, பெங்களூர் மாப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பயோடேட்டா அனுப்ப ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. முதல் அடி வத்தலக்குண்டுப் பூக்காரர் வீட்டில். மாப்பிள்ளைப் பையன் தன்னை ‘ரெட்டிசென்ட்’ என்று எழுதியிருந்தான். பெண்ணின் அம்மா அது ஏதோ வியாதி என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

விசாரணை தாளை என் மேஜையில் விரித்து, விரலை வைத்தார். “இந்தா, ரெட்டிசென்ட்டுக்கு வலது பக்கத்து வீடு ‘ஸ்பீக்ஸ் லிட்டில்’. கொஞ்சமாப் பேசுறவன். அதுக்கடுத்து ஒரு ‘பட்’டு நிக்குது பாரு. அது வரப்பு. இந்தப் பக்கம் இருக்கவனுக்கும் அந்தப் பக்கம் இருக்கவனுக்கும் ஆகாது. அந்தப் பக்கம் என்ன? ‘ஃப்ரெண்ட்ஸோட நல்லாப் பேசுவார்’. அப்ப ரெட்டிசென்ட்டுன்னா வாயத் தொறக்காதவன். அம்புட்டுத்தான்.”

நேரே போய் அந்த அம்மாவிடம் சொன்னார். “ஆத்தா, மாப்ள வாயத் தொறக்க மாட்டாரு. ஒம்பொண்ணு மூட மாட்டா. பத்துக்குப் பத்துப் பொருத்தம்.”

கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு நீளவாக்கு நோட்டு. வார்த்தைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு கட்டம். ஒரே பொருள் சொல்லுகிற வார்த்தைகள் ‘பங்காளி’ கட்டத்தில், எதிர்ப்பதம் ‘பகையாளி’ கட்டத்தில். “ஏண்ணே, பங்காளிதான பகையாளிய விட மோசமாச் சண்டை போடுவான்?” என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

“அதத்தான் நானும் சொல்றேன். திரிஃப்டியும் ஸ்டிஞ்சியும் பங்காளிகதான். ஆனா ஒரு பந்தியில உக்கார மாட்டாங்க. மாப்ள திரிஃப்டின்னு சொல்லிப் பாரு, சிக்கனக்காரன்னு பொண்ணு குடுப்பாங்க. ஸ்டிஞ்சின்னு சொல்லு, கருமின்னு என்னைய வெரட்டுவாங்க.”

அவர் விசாரணை தோற்றதும் உண்டு. பழனிப் பக்கம் ஒரு குடும்பம் தங்களை ‘சிம்பிள், க்ளீன், ஃப்ரூகல், வெஜிடேரியன்’ என்று எழுதியிருந்தது. ஃப்ரூகலுக்கு இடது பக்கம் சுத்தம், வலது பக்கம் சைவம். “சாப்பாட்டு விசயந்தான் தங்கச்சி, கைமணமான வீடு” என்று முடிவு கட்டி, காலைப் பலகாரம்கூடச் சாப்பிட விடாமல் பதினொரு பேரை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அங்கே மரியாதைக்குக் குறைவில்லை. “ஏனுங்க, பழம் எடுத்துக்கோங்க” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்களாம். பழம் ஆறு. காப்பி அரை டம்ளர். ஃப்ரூகல், திரிஃப்டிக்குப் பங்காளி என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பும்போது பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்து, ‘ஃப்ரூகல்: அரை டம்ளர் காப்பி’ என்று எழுதிவிட்டார். “இதுக்கு மேல என்ன விசாரிக்கிறது? வார்த்தையோட வீட்டுக்கே போயிட்டு வந்தாச்சு.”

இப்போது அந்த உறை.

அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. அதில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் கையில் வந்துவிட்டது. டாக்டர் மறுநாள்தான் வருவார். வீட்டில் மூச்சு விடவில்லை.

நோட்டை என் கையில் கொடுத்தார். “இத நீ வச்சுக்க. கடைசிப் பக்கத்துல வேடசந்தூர்ப் புள்ள பயோடேட்டா இருக்கு. மில்லு பஸ்ல வேலைக்குப் போற புள்ள. நாலு வருசமாப் பாக்குறேன், எடம் அமையல. ஒருவேளை நான்... நீ பாத்து முடிச்சு விட்ரு.”

“சும்மா இருங்கண்ணே. ரிப்போர்ட்டக் குடுங்க, ஜெராக்ஸ் எடுக்கிறேன்” என்று வாங்கினேன். அவர் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷின் பக்கம் திரும்பி நின்று, மறைவாகப் போனில் அந்த இரண்டு வார்த்தைகளையும் தேடினேன். பிறகு தாளை அவரிடமே நீட்டி, “டீ சொல்லவாண்ணே?” என்றேன்.

அவர் தாளில் விரலை வைத்தார்.

“மொகந்தெரியாத ஆளு ரெண்டு பேரு. ஒருத்தன் பினைன், ஒருத்தன் மாலிக்னன்ட். மாலிக்னன்ட்டுக்கு முன்னாடி ‘நோ’ நிக்குது. வாசல்ல நாயக் கட்டிப் போட்ட மாதிரி. அவன உள்ள விடல. பினைனுக்கு முன்னாடி நாய் இல்ல. அப்ப ரெண்டு பேரும் பகையாளிக.” விரல் கீழே இறங்கியது. “கடைசி வரி, ‘ரிவ்யூ ஆஃப்டர் ஒன் இயர்’. சாகப்போறவன அடுத்த வருசம் வான்னு எவன் தங்கச்சி சொல்லுவான்?”

“அப்ப நல்லதுதானண்ணே.”

“இரு. இன்னொரு பக்கத்து வீடு பாக்கி இருக்கு” என்று தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். “நீ அங்கிட்டுத் திரும்பிப் போனப் பாத்த. நான் கவனிக்கலன்னு நெனச்சியா? பாத்துட்டு வந்து டீங்கிற. கெட்டதா இருந்தா தண்ணியத்தான நீட்டியிருப்ப.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. “ஆபத்தில்லாத கட்டின்னு போட்டிருக்குண்ணே” என்றேன்.

“அதான் விசாரிச்சாச்சே” என்றார்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நோட்டை என் கையிலிருந்து திரும்ப வாங்கினார். புதுப் பக்கம் எடுத்து, மேலே பினைன் என்று எழுதினார். பகையாளி கட்டத்தில் மாலிக்னன்ட். பங்காளி கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தக் கட்டம் நிறைய, கொட்டை எழுத்தில், தமிழிலேயே எழுதினார்: ஜெராக்ஸ் கடைத் தங்கச்சி.