சுவாமியின் ஊர்க் கோட்டைவாசலில் நின்றவள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம் இருபத்திரண்டு வயது வரை என்னிடம் கிடையாது. அது எப்படி வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

புளியந்தீவில் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். வேலையை நிரந்தரமாக்குவது பள்ளி மனேஜரான பிரெஞ்சுப் பாதிரிச் சுவாமியின் கையில். நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று நாவற்குடாவில் ஒரு மாமி சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, சுவாமியின் தம்பி சொந்த ஊரைப் படம் பிடித்துக் கண்ணாடித் தகடுகளாக அனுப்பியிருந்தார். மதில் சூழ்ந்த பழங்காலத்து ஊர். படம் காட்டும் லாந்தர் வைத்து வெள்ளைச் சீலையில் பெரிதாக விழுத்தும்போது நான் தமிழில் விளக்க வேண்டுமென்று சுவாமி ஊரின் சரித்திரத்தை இரண்டு தாளில் எழுதித் தந்தார்.

அதைக் கல்லடிப் பாலத்தில் நின்று கைவீசி ஒத்திகை பார்த்தேன். (கைவீசியிருக்கக் கூடாது.) தாள்கள் வாவிக்குள் போயின. சுவாமியிடம் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், சன்னல்களை அடைத்து மண்டபத்தை இருட்டாக்கினார்கள். முன்வரிசை வாங்கில் மாமி. பின்னால் லாந்தரோடு சுவாமி. முதற்படம் மதில்.

"நம்மட ஒல்லாந்தர் கோட்டை மாதிரித்தான். ஆனா உள்ளுக்குச் சனம் குடியிருந்திச்சு. படை வந்தா வாசலை அடைச்சிருவாங்க" என்றேன். அதோடு சரக்குத் தீர்ந்தது.

அடுத்தது சந்தை. கல்தூண் அருகே கறுப்பு உடுப்போடு ஒரு கிழவி. கோயிற்படியிலும் அவள். காவற்கோபுரத்தின் கீழும் அவளே, எங்களையே பார்த்தபடி. வேறு வழியில்லாமல் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"முற்றுகையில பட்டினி கிடந்து செத்த பேய் இது! அறுநூறு வருசமா ஊரைச் சுத்துது!"

சனம் வாங்கின் நுனிக்கே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் படம் விழுந்ததும், சீலையைத் திரும்பிப் பாராமலே, "இந்தா, வாசலிலயும் நிக்கிது!" என்றேன்.

"ஐயோ!" என்று மாமி வீரிட்டார். வாங்குகள் கவிழ்ந்தன. யாரோ சன்னல்களைத் திறந்தார்கள்.

சுவாமி வெளிறிப்போய் நின்றார். "அவர் என் தாயார். நான் பார்க்க வேண்டுமென்று தம்பி எல்லாப் படத்திலும் அவரை நிறுத்தினான்."

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நினைத்தேன்.

"கடைசிப் படம் மட்டும் தாயாரை அடக்கம் செய்த மறுநாள் எடுத்தது. வாசலில் நீர் யாரைக் கண்டீர்?"

"தெரியாது சுவாமி. நான் பார்க்கவே இல்ல." (வாழ்க்கையில் என் முதல் 'தெரியாது'.)

சன்னல்களை அடைத்து மறுபடி போட்டுப் பார்த்தோம். வெறும் வாசல். மாமி நடுங்கிக்கொண்டே சொன்னார்: "நான் கண்டன் சுவாமி, சத்தியமா. இடப்பக்கம் நிண்டவ. போயிட்டு வா மனே எண்டு பெத்த மகனுக்குச் சொல்லுற மாதிரிக் கையைக் காட்டினவ."

சுவாமி வாங்கில் உட்கார்ந்து அழுதார். இங்கே வரப் புறப்பட்ட அன்று அதே வாசலில் நின்ற தாயார், கோபத்தில் கையை அசைக்கவே இல்லையாம்.

அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. கல்யாணமும் நடந்தது. எங்கள் வழக்கப்படி நான் பெண்வீட்டுக்கே குடிபோனதால் மாமியிடமிருந்து தப்ப முடியவில்லை. இன்றும் வீட்டில் படம் எடுக்க ஆள் வந்தால், எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"மருமகன், அங்கால திரும்பி நிண்டு சொல்லுங்க பாப்பம், இதில எத்தின பேர் நிக்கிறாங்க?"

"தெரியாது மாமி" என்பேன். வீடே சிரிக்கும். மாமியும் சிரிப்பார், ஆனால் முதலில் இடப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்.