பிளாங்க் அண்ணாவும் என் பரம்பரை மூளையும்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பது வயது வரை, அறிவும் மூக்கு மாதிரிதான், தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து எனக்கும் நேராக வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பியவன் நான். தாத்தா இன்ஜினியர். அப்பா ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் இன்ஜினியர். நான் கணக்கில் இரண்டு அரியர். அது பேப்பர் திருத்தியவர்களின் பரம்பரைக் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தேன்.

இந்த ஹைதராபாத்தில் சாயாவைக்கூடச் சோதிக்காமல் குடிக்காத ஒரே மனிதர் எங்கள் பிளாங்க் அண்ணாதான். பட்டான்செருவில் மருந்து கம்பெனி ஆய்வகத்தில் எனக்குக் கீழே வேலை. வயதில் எனக்கு மேலே. எந்த மருந்தைச் சோதிப்பதற்கு முன்பும், மருந்து கலக்காத வெறும் கரைசலை ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். அதற்குப் பெயர் பிளாங்க். நாங்கள் அதை மிஷினோடு நிறுத்திக்கொண்டோம். அவர் நிறுத்தவில்லை. கேன்டீனில் முதலில் வெறும் வெந்நீர் வாங்கிக் குடிப்பார், பிறகுதான் சாயா. நான் ஒரு ஜோசியரைப் புகழ்ந்தபோது, எங்கள் கம்பெனி பஸ் வாங்கிய தேதியைப் பிறந்த தேதியாகக் கொடுத்து ஜாதகம் பார்த்துவிட்டு வந்தார். பஸ்ஸுக்கு வெளிநாட்டு யோகமும் இரண்டு குழந்தைகளும் இருந்தன.

ஒரு நாள் பஸ்ஸில் நான் போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன். சில கூட்டத்தாருக்கு மூளை பிறவியிலேயே அதிகமாம், எல்லாம் ரத்தத்தில் இருக்கிறதாம்.

"நக்கோ தம்பி, நக்கோ" என்றார் அண்ணா. நக்கோ என்றால் வேண்டாம்; லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ் அது. "பிளாங்க் ஓட்டாம ரிசல்ட் படிக்காதே."

அன்று மதியம் என் மேஜையில் இரண்டு மாத்திரை அட்டைகளை வைத்தார். "ரெண்டும் ஒரே பேட்ச். ஒண்ணு இருபத்தஞ்சு டிகிரி அலமாரியில இருந்துச்சு. இன்னொண்ணு நாப்பது டிகிரியில வெந்துச்சு. இதுல வீரியம் குறைஞ்சிருக்கு. பிறவிக் கோளாறா?"

"அப்ப ரத்தத்துல ஒண்ணுமே இல்லையா அண்ணா?"

"இல்லைன்னு நான் எங்கே சொன்னேன்? எந்த அலமாரின்னு கேட்டுட்டுப் பேசுன்னேன். உங்க வூட்ல மூணு தலைமுறையா டியூஷன், மேஜை, ஃபேன். நீ இருபத்தஞ்சு டிகிரி அட்டைப்பா."

அதோடு விட்டிருக்கலாம். ஆய்வகத்தில் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியானது. பரீட்சை எழுதியவர்களில் என் அக்கா பையனும் ஒருவன். எங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் பெண் நாகமணியும் எழுதினாள். இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தவள், அந்த இடம் கிடைத்தால் கழுவும் தொட்டியிலிருந்து வெளியே வரலாம். திருத்தும் பொறுப்பு என்னுடையது. சோதனைக்கு வரும் மாதிரிகளுக்குப் பெயரை மறைத்து எண் போடுவது எங்கள் வழக்கம். அண்ணா பேப்பர்களுக்கும் அப்படியே செய்துவிட்டார்.

மூன்றாம் எண் பேப்பர் அபாரம். ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "அண்ணா, இது பரம்பரை அறிவு! தாத்தா கண்டிப்பா இன்ஜினியர்!"

"ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துத் தலையாட்டியபடி, பெயர் மேல் ஒட்டிய தாளைப் பிரித்தார். நாகமணி. கடைசி மார்க் வாங்கிய பேப்பரைப் பிரித்தார். என் அக்கா பையன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "நேர்முகத் தேர்வும் உண்டு" என்று அந்த நிமிடத்தில் ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். அவளிடம் ஆங்கிலத்தில், குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றேன்.

"பரீட்சை பிப்பெட்டைப் பத்தித்தானே சார்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

அக்கா பையன் தேறினான். பட்டியலின் அடியில் அண்ணா எழுதினார்: 'சாம்பிள் மாற்றப்பட்டது. ரிப்போர்ட் செல்லாது.' மேனேஜர் என்னை அழைத்து என்னய்யா இது என்றார். "வயசாச்சு சார், கொஞ்சம் குழம்பறார்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

ரிட்டயர் ஆகும் கடைசி வருஷத்தை அண்ணா கோடவுனில் டிரம்களுக்கு லேபிள் ஒட்டிக் கழித்தார். அவர் விடைபெற்ற அன்று நான் லீவு. நாகமணி சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டாள். என் அக்கா பையனோ அவளுக்கு முன்பே, மருந்து வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓடிவிட்டான்.

போன மாதம் என் மகள் கணக்கில் ஃபெயில். ஏன் என்று கேட்டேன். "பரம்பரை, டாடி" என்றாள்.

அன்றைக்கே அண்ணாவுக்கு போனில் நீளமாக எழுதினேன். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் அலமாரியையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை, உங்களைக் குழம்பியவர் என்று மேனேஜரிடம் சொன்னது பொய், மன்னியுங்கள் என்று. இப்போதும் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் சாயாவா என்றும் கேட்டிருந்தேன்.

பதில் வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்றே? நாகமணிகிட்ட சொல்லு."