அம்மாவின் திட்டு மேடை ஏறிய கதை

டொராண்டோ குளிரில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு, மொராண்ட் பேயிலிருந்து மகள் ட்ரிஷானா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்தையும், கையுறை வாங்கினாயா என்பதையும் எழுது.

ஞாயிறன்று தெருப் பாட்டுக் கூத்துக்குப் போனதும் முதலில் என் கண்ணில் பட்டது, லின்வல் மாமா தகர வேலியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைச் சுத்தியலால் மடக்கிக்கொண்டிருந்ததுதான். "எதுக்கு மாமா?" என்றேன். "என் பாட்டு பிடிச்சுப்போய் ஜனங்க வேலியில தட்டுவாங்கல்ல, கை கிழிஞ்சிடக் கூடாது குட்டி!" போன தடவை அவர் பாட்டுக்கு யாரும் வேலியில் சாயக்கூட இல்லை. எல்லாரும் பாடித் தேய்த்த வார்த்தைகளையே அவரும் பாடினால் எப்படி? அதனால் இந்தத் தடவை உன் திட்டுகளைச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதும் படித்ததெல்லாம் மறந்துபோச்சு, உன் திட்டு மட்டும் ஒன்று விடாமல் நினைவிருக்கிறது. முதல் இரண்டு சரணமும் உன் திட்டு. மூன்றாவது, உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு நானே எழுதியது.

மாமா மைக்கைப் பிடித்து, "ஏய் லிக்கி-லிக்கி தின்னி! உன் மூக்கு முன்னால வருது, நீ பின்னால வர்ற!" என்றாரோ இல்லையோ, வேலி அதிர்ந்தது. நம்ம வீட்டுச் சோற்று வாசனைக்கு ஞாயிறுதோறும் வந்து உன்னிடம் அந்த ஏச்சை வாங்கிய மிஸ் மெர்டெல், பானை மூடியைத் தட்டிக்கொண்டு, "ஐயோ, இது வெர்னெலின் வாயாச்சே! அவ என்னைத்தான்டீ திட்டினா!" என்று பெருமையடிக்க, கூட்டம் "புல் அப்! புல் அப்!" என்று கத்த, பின்னணி இசைத்தட்டுப் போடும் கீத் அதை நிறுத்தி முதலிலிருந்து போட, மாமா திரும்பவும் மூக்கிலிருந்து ஆரம்பிக்க, இரண்டாவது சரணத்தில் "லப்பா-லப்பா வாயாடி" வந்ததும் மறுபடி வேலி, மறுபடி மூடி, மறுபடி மூக்கு. ஜனங்களுக்குப் பிடித்துப்போனால் பாட்டு நகராது என்பது உனக்குத் தெரியாததா? உனக்காக நான் பதிந்துகொண்டிருந்த கேசட்டின் ஒரு பக்கமும் தீர்ந்துபோச்சு.

"மாமா, மூணாவது?"

"அடுத்தவன் மைக்குக்கு நிக்கிறான் குட்டி. அதான் ஜெயிச்சிட்டோம்ல!"

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாவது சரணம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டு நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டியம்மாவிடம் கெஞ்சாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை. தொப்பி போட்டுக்கொள். கர்த்தர் உன்னைக் கதகதப்பாக வைக்கட்டும்.

அன்பு மகள்,
ட்ரிஷானா

பி.கு.: குறையில்லை என்று எழுதியது பொய். ஒட்டிய உறையைப் பிரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, கேசட்டின் மறுபக்கத்தில் மூன்றாவது சரணத்தை நானே பாடிப் பதிந்துவிட்டேன்.