எங்கே உட்கார்ந்தாலும் வேலை நடக்கும்

சந்திரகிரி தாண்டுவதற்குள் கோவர்த்தனனின் போன் மறுபடியும் முனகியது. 'ஸ்வர்ணலதா உங்கள் அனுமதியைக் கோருகிறார்.'

பஸ் கம்பியில் ஒரு கை, டிபன் பையில் ஒரு கை. ஆண்டவன் மூன்றாவது கை வைக்கவில்லை. பையைப் பல்லில் கடித்துக்கொண்டு அனுமதி கொடுத்தார். உடனே அடுத்த முனகல். 'சலீம் உங்கள் அனுமதியைக் கோருகிறார்.'

"நேத்துதானேய்யா குடுத்தேன்!" என்றார் பையோடு சேர்த்து. பக்கத்தில் நின்றவர் பயந்துபோய் ஒரு அடி தள்ளி நின்றார். அந்த ஒரு அடி இடம் கிடைத்ததுதான் அன்றைக்கு க்ளவுடால் அவருக்கு விளைந்த முதல் நன்மை.

கோவர்த்தனன் சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபாக்டரியின் மேனேஜர். வீடு திருப்பதியில். மனைவி தாட்சாயணி அங்கே அரசுப் பள்ளியில் டீச்சர் என்பதால் தினமும் இவர்தான் போக வர பஸ்ஸில் ஆட வேண்டும். இடுப்பு எலும்புகளுக்குள் பேச்சுவார்த்தை முறிந்து நாளாகிவிட்டது. இத்தனைக்கும் கம்பெனியின் ஹெட் ஆபீஸ் திருப்பதியில்தான் இருந்தது, அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். மாடியில் ஏசி ரூம், ஜன்னல் ஓரமாக ஒரு காலி நாற்காலி. அந்த நாற்காலி மீது அவருக்கு இருந்த பக்தியை மலைமேல் சாமி பார்த்தால் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பார்.

வரம் கொடுத்தவர் முதலாளி சுரேஷ்பாபு. ஹைதராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் யாரோ அவருக்கு க்ளவுட் பற்றி ஓதிவிட்டார்கள்.

"கோவர்த்தன் காரு, கணக்கு மொத்தம் க்ளவுட்ல ஏத்திடுங்க. ஃபாக்டரியும் ஆபீசும் ஒரே ஃபைல்ல வேலை செய்யணும். அது மட்டும் நடந்திச்சின்னா, நீங்க எதுக்கு தினம் பஸ்ல அடிபடணும்?"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கோவர்த்தனன் வீட்டில் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று மருந்துபோல் சொல்லிவந்தார்.

தாட்சாயணிக்கு மருந்து இறங்கவில்லை. "டீச்சருங்க டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் நடந்துகினு இருக்குது. சித்தூர்ல ஒரு காலியிடம் இருக்குது. நான் அத்த எடுத்துக்கினா வீட்டையே அங்க மாத்திக்கலாம். உங்க இடுப்பும் பொழைக்கும்."

"வேணாம் தாட்சு. நான்தான் திருப்பதிக்கு வரப்போறனே. கொஞ்ச நாள் பொறு."

"வெள்ளிக்கிழமை கடைசி நாளு. இத்த உட்டா இன்னும் சில வருசத்துக்கு நான் நகர முடியாது. நல்லா யோசிச்சிக்கினு சொல்லுங்க."

இதனால்தான் பஸ்ஸில் பையைக் கடித்துக்கொண்டு அனுமதி வழங்கிக்கொண்டிருந்தார்.

க்ளவுட் கணக்கு கோவர்த்தனன் பெயரில் இருந்தது. யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் அவர் வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது. கோயில் வரிசையில் முனகியது, குளியலறையில் முனகியது. அப்பாவின் திதியில் ஐயர் பிண்டம் வைக்கச் சொன்னபோது முனகியது. ஐயரே நிறுத்திவிட்டு, "மொதல்ல அவருக்கு அனுமதி குடுத்துடுங்க" என்றார்.

அன்று மாலை கோவர்த்தனன் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். கம்பெனியில் எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டார். பார்க்கலாம், எழுதலாம், திருத்தலாம். போனையும் மௌனமாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். ஜனநாயகம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மறுநாள் பெங்களூரா ரக மாம்பழக்கூழ் எத்தனை டிரம் என்பதில் யுத்தம் மூண்டது. ஃபாக்டரி ஸ்டோரில் இருக்கும் சலீம் நாற்பது என்று போட்டார். திருப்பதி ஆபீசில் கணக்கு பார்க்கும் ஸ்வர்ணலதா முப்பத்தெட்டு என்று திருத்தினார். சலீம் நாற்பதாக்கினார். ஸ்வர்ணலதா முப்பத்தெட்டாக்கினார். கோவர்த்தனன் இதைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தார். எண் கண் சிமிட்டுவது போல மாறிக்கொண்டிருந்தது.

"மேடம், ரெண்டு டிரம்மு லாரில ஏத்தலன்னு பில்லுல இருக்குதே, பாக்கலியா?" என்று சலீம் போனில் கேட்டார்.

"ஏத்தாதத எப்படிங்க ஸ்டாக்ல காட்டுவீங்க?"

"ஏத்தாததுதாங்க ஸ்டாக்கு!"

இரண்டு பேரும் நேரில் பார்த்தால் வாங்க போங்க என்று பாயாசமாகப் பேசுகிறவர்கள். நடுவில் க்ளவுட் வந்ததும் பங்காளிகள் ஆகிவிட்டார்கள்.

கோவர்த்தனன் தீர்ப்பு சொன்னார். "ஆளுக்கு ஒரு ஃபைல் வெச்சிக்கோங்க. ஒருத்தர் ஃபைல ஒருத்தர் தொடக் கூடாது."

தொடவில்லை. பதிலுக்கு ஆளாளுக்கு ஃபைல்களாகப் போட்டுத் தள்ளினார்கள். நாளுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, மாங்காய் கொண்டு வந்த விவசாயிக்கு ஒன்று. கடைசியில் கோவர்த்தனனின் போன் கை விரித்தது. இடம் தீர்ந்துபோயிற்றாம். மாதச் சந்தா கட்டினால் இன்னும் தருமாம்.

வியாழக்கிழமை பஸ்ஸில், அதிசயமாக உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில், அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். 'ஸ்ரீ', 'ஸ்ரீ', 'ஸ்ரீ'. விரலால் தள்ளத் தள்ள ஸ்ரீ. அது முடிந்த இடத்தில் '786' ஆரம்பித்தது. அதற்கும் முடிவில்லை.

"ஒரே ஃபைல இத்தினி வாட்டி ஏத்தினா எடம் எப்படிடா இருக்கும்!" என்று கர்ஜித்துவிட்டு வேலையில் இறங்கினார். ஒரே ஒரு ஸ்ரீயையும் ஒரே ஒரு 786-ஐயும் வைத்துக்கொண்டார். மிச்சத்தை எல்லாம் அழித்தார். மதநல்லிணக்கத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. புத்தலப்பட்டு வருவதற்குள் ஃபோல்டர் துடைத்துவைத்த தாம்பாளமாகப் பளபளத்தது.

பெருமையோடு ஸ்வர்ணலதாவுக்குப் போன் போட்டார். "அம்மா, ஒரே ஃபைலையே திரும்பத் திரும்ப ஏத்தி வெச்சிக்கீறீங்க. நான் க்ளீன் பண்ணிட்டேன். பர்வாலேது, இனிமேலாச்சும் பாத்து செய்யுங்க."

அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது. "சார்... அது எல்லாம் வேற வேற ஃபைலு சார்."

"பேரு ஒண்ணுதானே இருந்திச்சி?"

"எதை எழுத ஆரம்பிச்சாலும் மொதல் வரில ஸ்ரீ போட்டுத்தானே சார் ஆரம்பிக்கணும்? அது மொதல் வரியவே ஃபைலுக்குப் பேரா வெச்சிக்கிது. நான் என்னா சார் பண்ணட்டும்?"

கோவர்த்தனனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சலீம் எந்தத் தாளை எடுத்தாலும் தலையில் 786 போடாமல் பேனாவை நகர்த்தமாட்டார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு சீசனின் கூழ் மொத்தத்தையும், இரண்டு மதங்களின் முழு ஆசியோடு, அவர் ஒரே பஸ் பயணத்தில் ஊற்றிக் கவிழ்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை முதலாளிக்கு எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கவே மறந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டார்.

நல்லவேளை, க்ளவுடிலும் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. மனிதனை நன்றாகத் தெரிந்த யாரோதான் அதை வைத்திருக்க வேண்டும். ஃபாக்டரிக்குத் திரும்பிவந்து, அவரும் சலீமும் பொழுது சாயும்வரை ஸ்ரீக்களையும் 786-களையும் ஒவ்வொன்றாகத் தொட்டியிலிருந்து தூக்கி, துடைத்து, பழைய இடத்தில் வைத்தார்கள்.

"பேர மாத்துங்கம்மா. 'டிரம் கணக்கு', 'லாரி கணக்கு'ன்னு வைங்க" என்று ஸ்வர்ணலதாவிடம் போனில் கெஞ்சினார்.

"சாமி பேர எடுக்கச் சொல்றீங்களா சார்? திருப்பதில ஒக்காந்துகினு?"

"எடுக்க வேணாம் தாயே. ஸ்ரீக்குப் பின்னால விஷயத்தையும் போடுங்க."

நெடுநேர வாதத்துக்குப் பிறகு, முதலாளி பார்க்கப்போகிற ஒரு ஃபைலுக்கு மட்டும் 'ஸ்ரீ டிரம்' என்று பெயர் வைக்கச் சம்மதம் கிடைத்தது. மற்ற ஸ்ரீக்கள் ஸ்ரீயாகவே இருக்கும். கோவர்த்தனன் அதோடு விட்டார். ஒரு நாள் தாண்டினால் போதும், அப்புறம் ஜன்னலோர நாற்காலி.

வெள்ளிக்கிழமை ஆபீசில் சுரேஷ்பாபு கைகளைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கோவர்த்தனன் ஃபாக்டரிக்குப் போன் போட்டார். "சலீம், இன்னிக்கி டிரம்மு எத்தினின்னு போடுங்க."

சித்தூரில் சலீம் விரல் வைத்தார். திருப்பதியில் முதலாளியின் கண்ணெதிரே ஐம்பத்திரண்டு என்று முளைத்தது.

"அரெரே!" என்று சுரேஷ்பாபு நாற்காலியிலிருந்து எழுந்தார். "மறுபடி மாத்தச் சொல்லுங்க!"

அறுபது முளைத்தது. "இன்னொரு வாட்டி!" எழுபது. கூழே பிழியாமல் டிரம் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து முதலாளி குழந்தைபோலச் சிரித்தார். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் இப்படி உற்பத்தி செய்ததில்லை.

"கோவர்த்தன் காரு, அப்ப யாரு எங்க ஒக்காந்தாலும் வேலை நடக்கும்?"

"எங்க ஒக்காந்தாலும் நடக்கும் சார்." கோவர்த்தனன் இதற்காகவே காத்திருந்தார். "இந்த ஊர்லதான் ஒக்காரணும், அந்த ஊர்லதான் ஒக்காரணும்னு இனிமே எதுவும் இல்ல சார். அதெல்லாம் பழைய காலம்."

"ஒருத்தரும் ஊரு மாறி ஊரு அல்லாட வேணாம்?"

"வேணவே வேணாம் சார்! பஸ்ஸுக்கு ஆகுற நேரம் மொத்தம் மிச்சம்."

சுரேஷ்பாபு ஜன்னலைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், அந்தக் காலி நாற்காலியையும் பார்த்தார். கோவர்த்தனன் மனதுக்குள் அதில் உட்கார்ந்தேவிட்டார்.

"சூப்பர். திங்கக்கிழமை ஒண்ணாந்தேதி. அன்னிக்கிலிருந்து புது ஏற்பாடு. நான் பாத்துக்கறேன்."

படியிறங்கும்போதே மனைவிக்குப் போன் போட்டார். "தாட்சு! முடிஞ்சிபோச்சி! சித்தூர் வேணாம்னு போட்டுடு."

"ஆர்டர் கைக்கு வந்துச்சாங்க?"

"வந்த மாதிரிதான். அவரு நாற்காலியப் பாத்தத நீ பாத்திருக்கணும்."

"நாற்காலியப் பாத்தாரா? நெஜமாத்தான் சொல்றீங்களா? நான் வேணாம்னு அமுக்கிட்டா அவ்ளோதான், திரும்ப முடியாது."

"அமுக்கு!"

தாட்சாயணி அமுக்கினாள்.

சனிக்கிழமை ஃபாக்டரியில் கோவர்த்தனன் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். சலீமுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கள உட்டுட்டுப் போறீங்களே சார்."

"போறதாவது? அதான் க்ளவுட் இருக்குதே. நான் அங்க இருந்தாலும் இங்க இருக்கிற மாதிரிதான்" என்று அவர் தோளைத் தட்டினார். மேஜை டிராயரைக் காலி செய்தார். அவ்வளவு பெருந்தன்மை போதாதென்று பஸ் பாஸையும் லாரி டிரைவர் ஒருவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, மௌனப் போனின் திரையில் ஒரு வரி தெரிந்தது. 'ஸ்வர்ணலதா எல்லோருடனும் பகிர்ந்துள்ளார்: ஸ்ரீ.'

"இந்தம்மா திருந்தவே திருந்தாது" என்று விரலால் ஒதுக்கிவிட்டு இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை தாட்சாயணி புதுச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பல வருடத்தில் முதல் முறையாக ஒரு வேலை நாளில் இருவரும் உட்கார்ந்து சேர்ந்து இட்லி சாப்பிட்டார்கள். "மதியானம் வீட்டுக்கு வந்து துன்னுட்டுப் போலாம் இல்ல?" என்று அவள் கேட்டபோது கோவர்த்தனன் இன்னொரு இட்லி போட்டுக்கொண்டார். டிபன் பை இல்லாமல், வெறுங்கையை வீசிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்தே ஆபீசுக்குப் போனார்.

வாசலில் ஏணி சாய்த்திருந்தது. மேலே ஒருவர் கம்பெனியின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தன் வருகையை ஒட்டிப் பலகையைக்கூடப் புதுசாக மாற்றுகிறார்கள் என்று கோவர்த்தனனுக்குக் கூச்சமாகவே இருந்தது.

"என்னாத்துக்குப்பா இதெல்லாம்? பழசே நல்லாத்தானே இருந்திச்சி" என்று அடக்கத்தோடு கேட்டுவிட்டு மாடிப்படியில் கால் வைத்தார். மேலே கதவில் பூட்டு தொங்கியது.

"மேல யாரும் இல்ல சார்" என்றார் ஏணிக்காரர். "ஆபீசு சித்தூர் ஃபாக்டரிக்கே பூடிச்சி. அந்தக் கணக்கு பாக்குற மேடம்கூட காலைல அழுதுகினேதான் பஸ் ஏறிச்சி."

"எனக்கு யாருமே சொல்லலியே!"

"எல்லாருக்கும் க்ளவுட்ல நோட்டீஸ் போட்டாங்களாமே சார், பாக்கலியா?" ஏணிக்காரர் கடைசி ஆணியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு, 'டு லெட்' பலகையைத் தூக்கினார். "யாரோ கோவர்த்தனனாம், எங்க ஒக்காந்தாலும் வேல நடக்கும்னு மொதலாளிக்குப் போட்டுக் காட்டிட்டாராம். அப்புறம் திருப்பதில எதுக்கு ஒரு ஆபீசுன்னு அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிட்டாரு!"